பொன்னுக்கு வீங்கி என்று நான்தான் சொன்னேன்

என் அன்பான அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் அல்ல. உங்களிடம் சொல்லவே முடியாமல் போன ஒன்றும் இதில் வரும். பாம்பனில் உங்களைத் தெரிந்தவர்கள் படித்தால் படிக்கட்டும்.

மதுரையில், உங்களைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பதினொரு மணி. இந்த முறை அம்மாவுக்கு. வலது தாடைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு வீக்கம்.

உங்களுக்கு இடது காதுக்கு முன்னால் வந்ததே, அதை முதலில் பார்த்தது அம்மாதான். “பொன்னுக்கு வீங்கி” என்று சொல்லித் தன் சங்கிலியைக் கழற்றி உங்கள் கழுத்தில் போட்டுவிட்டாள். கன்னம் வீங்கினால் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் செய்கிற காரியம். மறுநாள் நீங்கள் வள்ளத்தில் ஏறியபோது, உங்களோடு கடலுக்கு வரும் சேவியர் மாமா கேலி செய்யாமல் விடவில்லை.

“ஏலே அந்தோணி, கழுத்துல மின்னுது! மறுபடி மாப்பிள்ளையா?”

“ஆமாலே. இந்தத் தடவ பொண்ணு கடலுக்குள்ள இருக்கா. சீரா நண்டு கொண்டாருவா.”

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் நீங்கள் முழுதாக நம்பவில்லை. அன்று மாலை என்னிடம்தான் கேட்டீர்கள். “ஏத்தா, நீதான் எந்நேரமும் படிக்கிறவளாச்சே. இது என்னன்னு பாத்துச் சொல்லு. பெருசா இருந்தா ராம்நாடு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்.”

பள்ளி நூலகத்தில் ஓர் உடல்நலப் புத்தகம் எடுத்தேன். காதுக்கு முன்னால் இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி, பொன்னுக்கு வீங்கி என்பது அதைத் தாக்கும் கிருமி நோய், சில நாட்களில் தானாகவே வடிந்துவிடும் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை. ஓடி வந்து சொன்னேன். “பொன்னுக்கு வீங்கிதான்ப்பா. தானாப் போயிரும்.” என் தலையில் கை வைத்து, “டாக்டரம்மா சொன்னா சரி” என்றீர்கள்.

அந்தப் பக்கத்தை நான் பாதிதான் படித்திருந்தேன்.

கீழ்ப்பாதியில் இருந்ததை உங்கள் அடக்கம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும், வலியில்லாத கட்டியாக வந்து, வாரக்கணக்கில் குறையாமல் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்கு வரி அப்பா. நான்கே வரி. அந்தப் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நீங்கள் ஐந்து மாதம் சங்கிலியோடு கடலுக்குப் போனீர்கள். இடது கண்ணை மூட முடியாமல் போய், உப்புக் காற்றில் அது சிவந்து வழியத் தொடங்கிய பிறகுதான் இங்கே வந்தோம். அறுவை செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதன்பின் உங்கள் வாயில் எச்சில் ஊறவில்லை. சோற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தீர்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பி நோய்களை ஆராய்கிற டாக்டர் அக்கா ஒருவர் வந்து, சின்னக் குழாய் ஒன்றைக் கொடுத்து, முடிந்த அளவு எச்சில் துப்பித் தரக் கேட்டாரே. அரை மணி நேரம் முயன்றீர்கள். “வள்ளத்துல நின்னு துப்பாத நாளில்ல தாயி. இன்னைக்கு ஒரு சொட்டு வரமாட்டேங்குது.” சிரிக்கப் பார்த்தீர்கள். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளவும் கையெழுத்துப் போட்டீர்கள். “ஐஸ் நல்லாப் போட்டு வைங்க, கெட்டுப்போயிராம” என்றீர்கள்.

இன்று அதே டாக்டரைப் பார்த்தேன். அந்தத் துண்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கும்மா. பத்திரமா உறைய வச்சிருக்கோம்.”

“அதுல இருந்து ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?”

“இன்னும் இல்லம்மா. இந்த மாதிரிக் கட்டி நிறையப் பேருக்கு வர்றதில்ல. கொஞ்சம் கொஞ்சமாச் சேத்துத்தான் பாக்கணும்.”

அவர் பூசி மெழுகவில்லை. அதனால் அவரைப் பிடிக்கிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எவ்வளவு காலம் அப்பா? அம்மாவுக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா?

அம்மா தன் வீக்கத்தை யாரிடமும் சொல்லவில்லை. முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டு திரிந்தாள். சங்கிலிதான் காட்டிக் கொடுத்தது. நீங்கள் போன பிறகு மாதா படத்துக்குப் பின்னால் வைத்த சங்கிலி, போன புதன்கிழமை அவள் கருவாடு காயப்போடும்போது கழுத்தில் கிடந்தது.

“கருவாட்டுக்குப் போடுற நகையாம்மா அது?”

“சும்மாதான் போட்டேன். உனக்கென்னடி?”

“முந்தானைய எடு.”

எடுக்கவில்லை. நான் இழுத்துப் பார்த்துவிட்டேன்.

“மதுரைக்கெல்லாம் வரமாட்டேன். அங்கன போன மனுசன் பெட்டியிலதான வந்தாரு” என்றாள். ஆறு நாள் கெஞ்சினேன். சாப்பிடாமல் கிடந்தேன். சேவியர் மாமா வந்து சத்தம் போட்டும் அசையவில்லை. கடைசியில், உங்களிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

“அப்பா சங்கிலிய நம்பி இருக்கலம்மா. நான் சொன்னத நம்பி இருந்தாரு. நான் பாதிப் பக்கந்தான் படிச்சேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, “மீதியப் படி” என்றாள்.

“இப்பவா?”

“இப்பத்தான். சத்தமாப் படி.”

அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து படித்தேன். என் குரல் நின்ற இடங்களில் “ம்” என்றாள். முடித்ததும் எழுந்து பையில் சேலையை மடித்து வைத்தாள்.

காலையில் டாக்டர் அக்கா வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, “சாப்பிடும்போது பெருசாகுதா?” என்று கேட்டார். “பெருசானா என்னங்க?” என்றாள் அம்மா. சுரப்பியில் கல் அடைத்திருந்தால் அப்படி வீங்கும், கல் என்றால் எடுத்துவிடலாம் என்று சொன்னார். “ஆமா தாயி, பெருசாகுது” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு இட்லி வாங்கிக் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து அவள் சாப்பிட்ட நேரம் முழுவதும் நான் அவள் தாடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரிதானதா? ஆனதுபோலவும் இருந்தது, ஆகாததுபோலவும் இருந்தது. சத்தியமாகத் தெரியவில்லை அப்பா.

ஸ்கேனுக்கு முன் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கையில் வைத்து மூடினாள். “என்ன சொன்னாலும் முழுசாக் கேட்டு எனக்குச் சொல்லு. பாதி சொல்லாத.”

சங்கிலியில் அவள் சூடு இன்னும் இருக்கிறது. நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை.

என்னை மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது, அங்கே யாரிடம் கேட்க முடியுமோ அவரிடம், அது கல்லாக இருக்கட்டும் என்று கேளுங்கள். கேட்பீர்களா? நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திரையில் என்ன தெரிந்தாலும் கடைசி வார்த்தை வரை கேட்பேன். ஒன்றையும் விடாமல் அம்மாவிடம் சொல்வேன். கட்டி என்றாலும் சொல்வேன்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அம்மா படுத்திருப்பது இதுவரை தெரிந்தது. இப்போது, திரை நன்றாகத் தெரிவதற்காக, உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

நீங்கள் நம்பிய உங்கள் மகள்,
அமலி