வாகைக்குளத்திலிருந்து வீடு வரை

கோவில்பட்டி
11.11.2007

அன்பு மகள் உமாதேவிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை பாலகணேஷும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போனில் பேசினால், விசாகப்பட்டினத்தில் ஏறினால் சென்னை ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து தூத்துக்குடி ஒன்றரை மணி நேரம், இதுக்குப் போய்ப் பயப்படுதீங்களே அப்பா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நம் தீப்பெட்டி பண்டல் உங்கள் ஊருக்கு லாரியில் போய்ச் சேர மூன்று நாள் ஆகிறது. அந்தத் தூரத்தை மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவில் தாண்டிவிடலாம் என்றால் நான் நம்பத்தான் செய்கிறேன். வானத்தில் பள்ளம் இல்லை. என் கவலையெல்லாம் விமானம் இறங்கின பிறகு வருகிற தூரத்தைப் பற்றியது.

போன தடவை மூன்றாம் மாதமே தங்காமல் போனதிலிருந்து உன் அம்மாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. இப்போது ஏழு முடியப்போகிறது, உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாக நீதான் சொன்னாய். அதனால் கருத்தையா அண்ணாச்சியின் காரை எடுத்துக்கொண்டு வாகைக்குளம் விமான நிலையம் வரை போய்ப் பார்த்து வந்தோம். திரும்பும்போது அம்மா ஒரு எவர்சில்வர் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, நீ உட்காரப்போகிற பின்சீட்டில் வைத்துக்கொண்டாள். அவள் பிறந்த பசுவந்தனையில் பிள்ளைத்தாய்ச்சியை வண்டி ஏற்றும் முன் இப்படித்தான் பாதையைச் சோதிப்பார்களாம். நான் சிரித்தேன். புதியம்புத்தூர் வரை பெரிதாக ஒன்றும் சிந்தவில்லை. ஓட்டப்பிடாரம் தாண்டியதும் என் சிரிப்பு போய்விட்டது. மழையில் கரிசல் இளகி ரோடே உள்வாங்கிக் கிடக்கிறது. அண்ணாச்சி ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினார், அப்படியும் பசுவந்தனை வருவதற்குள் குடத்தில் பாதிகூட மிச்சமில்லை. சேலையெல்லாம் நனைந்துபோய், இந்த ரோட்டுல எம் பிள்ளைய எப்படிக் கூட்டியாருவேன் என்று குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மதுரையில் இறங்கி வரலாம் என்றால் அந்த ரோட்டையும் நாலு வழிச் சாலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வராவிட்டால் ஊர் சிரிக்கும் என்று உன் சித்தி சீனித்தாய் நேற்று வந்து சத்தம் போட்டாள். உன் அம்மா அசையவில்லை. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன், எம் மவ அலைய வேண்டாம், நானே அங்க போறேன் என்று சொல்லிவிட்டாள். திருச்செந்தூரைத் தாண்டாதவள் சென்னையில் விமானம் மாற வேண்டும் என்பதுதான் என் கவலை. மாப்பிள்ளையைச் சென்னைக்கு வந்து அழைத்துப்போகச் சொல். அவள் கவலை வேறு, ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேட்கிறாள். வளையல் வாங்கியாகிவிட்டது, அதையும் எடுத்து வருவாள், அங்கேயே வளைகாப்புப் போட்டுக்கொள்ளலாம்.

உன் டிக்கெட்டை இன்றே ரத்து செய்யச் சொல். குனிந்து எதையும் தூக்காதே, மாத்திரையை விடாதே. செண்பகவல்லித் தாய் உனக்கும் பிள்ளைக்கும் துணையிருக்கட்டும். கல்யாணமாகிப் போனதிலிருந்து எல்லாக் கடிதத்திலும் வா, வா என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு மாற்றி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், வராதே அம்மா.

உன் அப்பா
அய்யாத்துரை