கசியும் மாஸ்க்கும் உன் அப்பாவின் தாடியும்

லிவிங்ஸ்டன்,
பிப்ரவரி, வியாழக்கிழமை

அன்பு மகன் நவ்தேஜுக்கு,

அம்மா எழுதுவது. குருவின் அருளால் நீயும் மருமகள் ஜஸ்லீனும் அந்தப் பனியில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். நான் நலம். உன் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், ஃபோனில் நான் வாயைத் திறந்ததுமே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதுவுமில்லாமல் அவர் ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர், பகலில் இந்த வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் கூட குற்றம். கடிதம் என்றால் நீ நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் கடைசி வரை படி.

பாதாம் தோட்டங்கள் எல்லாம் பூத்துவிட்டன, ஊரே வெள்ளையாக இருக்கிறது, ஊரே தும்முகிறது. குருத்வாராவில் ரொட்டி போடும் மெஷின் பழுதாகி, எல்லோருக்கும் போடும் லங்கர் சாப்பாட்டுக்கு நாங்கள் பெண்கள் எல்லோரும் கையால் தேய்க்கிறோம், என் மணிக்கட்டு போய்விட்டது. நீ போன தடவை வந்தபோது நட்டுவிட்டுப் போன எலுமிச்சைச் செடி பிழைத்துவிட்டது. இதெல்லாம் சும்மா. சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்துகொண்டு செடி கொடியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நிற்கிறது என்று கிளினிக்கில் கண்டுபிடித்து, மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் மெஷின் கொடுத்தது உனக்குத் தெரியும். மெஷின் வந்தாயிற்று, இனி கவலையில்லை என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அந்த மெஷினை ஒழுங்காகப் போட்டுத் தூங்குகிறாரா, காற்று சரியாகப் போகிறதா என்று அதுவே கிளினிக்குக்குச் செய்தி அனுப்பும், அதைப் பார்த்துத்தான் லாரி ஓட்ட மருத்துவச் சான்றில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். இப்போதிருக்கும் சான்று குறுகிய காலத்துக்குக் கொடுத்தது, அடுத்த வாரம் முடிகிறது. ஆனால் மாஸ்க் முதல் நாளிலிருந்தே கசிகிறது மகனே. மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் அது. காற்று உள்ளே போவதற்குப் பதில் தாடிக்குள் புகுந்து புஸ்ஸென்று வெளியே வருகிறது, மேல் பக்கத்தில் கண்ணுக்குள் அடிக்கிறது. எழுந்து வரும்போது கண் இரண்டும் மிளகாய் தேய்த்த மாதிரி சிவந்திருக்கும். போதாக்குறைக்கு இந்தப் பூந்தூளில் மூக்கு வேறு அடைத்துக்கொள்கிறது.

இந்தக் கண்ணை வைத்து ஊர் என்ன பேசுகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. உன் அப்பாவோடு சேர்ந்து லாரி ஓட்டுகிற பக்கர் சிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை லங்கர் சமையலறைக்கே வந்து, மாவுக் கையோடு நின்ற என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணி, ஒரு வார்த்த கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் உருட்டுக்கட்டையை அவன் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. ரீனோவிலிருந்து மலை இறங்கும்போது அவன் லாரி பின்னால் வந்ததாம், உன் அப்பா லாரி மெதுவாக ஓரத்துக்குப் போய், கண் அசருகிறவனை எழுப்பச் சாலையோரம் செதுக்கியிருக்கிறார்களே அந்த வரிகளின் மேல் ஏறித் தடதடவென்று அதிர்ந்து, அப்புறம்தான் திரும்பியதாம். பக்கத்தில் பள்ளம். "ஹாரன் மேல கைய வெச்சவன் எடுக்கவே இல்ல அண்ணி" என்றான்.

அன்றைக்கு நான் செய்ததை நீ நம்பமாட்டாய். வீட்டுக்கு வந்து, தாடியை எடுத்துவிடுங்கள் என்று உன் அப்பாவிடம் நானே கேட்டேன். ஆமாம், உன் அம்மாதான். நீ முடி வெட்டிக்கொண்டு வந்தபோது சாப்பிடாமல் கிடந்தவளேதான். "உசிரு இருந்தாத்தானே தாடி" என்றேன். "தாடியோட வாழ்ந்தேன், தாடியோட போறேன்" என்றார். "போறது நீங்க. விதவைங்கிற பேரு எனக்கு" என்றேன். அதற்கப்புறம் அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார், நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ புது வருஷத்தன்று ஃபோனில் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றல்ல. "ஷேவ் பண்ணிடுங்கப்பா, வெறும் முடிதானே" என்றாய். வெறும் முடி என்று சொன்னாய் பார், அது அவருக்கு எங்கே குத்தியது என்று உனக்குத் தெரியவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லாரிக்கு எண்ணெய் பார்க்கப் போனவர் அன்றிலிருந்து உன் பெயரை எடுப்பதில்லை. ஆனால் டி.வி.யில் உங்கள் ஊர் ஹாலிஃபாக்ஸில் பனிப்புயல் என்று வந்தால் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பட்டையை இழுத்து இழுத்து இறுக்கினார், மூக்குத்தண்டில் புண் வந்ததே தவிர கசிவு நிற்கவில்லை, இறுக்க இறுக்க அதிகமாகத்தான் கசிந்தது. கல்யாணத்துக்குப் போகும்போது தாடி படிய ஒரு பசை பூசுவாரே, அதை அப்பிக்கொண்டு படுத்தார், மாஸ்க் வழுக்கிக்கொண்டு நெற்றிக்குப் போனது, அதன் ஓரத்து ரப்பரும் விறைத்துப் போனது. நான் அறை வாசலில் நாற்காலி போட்டுப் பருப்பு பொறுக்குகிற சாக்கில் உட்கார்ந்திருப்பேன். புஸ்ஸென்று சத்தம் வரும். அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும், அவர் மூச்சு இருக்காது. என் கை தட்டில் அப்படியே நிற்கும். அப்புறம் தண்ணீரில் மூழ்கினவர் மேலே வருகிற மாதிரி ஒரு திணறல். எனக்குப் பயம் என்றால் என்ன என்று இந்த வயதில் தெரிந்தது.

ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தலைமுடி கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, பட்டை அந்தக் கொண்டை மேல் ஏறி மாஸ்க்கைக் கோணலாக இழுக்கிறது, தாடி அவிழ்ந்து மார்பு வரை பரந்து கிடக்கிறது. இந்த முகத்தைக் கிளினிக்கில் யார் பார்த்தார்கள்? அளவெடுக்கப் போன அன்று நீலத் தலைப்பாகை கட்டி, தாடியை ஒட்டப் படியவைத்து, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே அளவெடுக்கிற பெண் பெயர் மரிசோல், நல்ல பெண். தலைப்பாகையைக் கழற்ற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். முடியாது என்றார். அவளும் பாவம், மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகக் கொடுத்தனுப்பினாள். வெளியே போகிற முகத்துக்கு அளவெடுத்து, தூங்குகிற முகத்தில் மாட்டியிருக்கிறோம் நவ்தேஜ். கசியாமல் என்ன செய்யும்?

எழுந்ததும், தூங்குகிற மாதிரியே படுத்துத் திரும்ப அளவு கொடுங்கள் என்று சொன்னேன். குதித்தார். "ஒரு பொண்ணு முன்னாடி தலையத் திறந்துபோட்டு, கட்டில்ல படுத்துக் காட்டணுமா? அதுக்கு நீ சொன்ன மாதிரி செரச்சிக்கிட்டே போயிடலாம்" என்று கத்திவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகாதீர்கள் என்று வாசல் வரை ஓடினேன். பக்கர் அந்த வாரம் வேறு பக்கம் போயிருந்தான், பின்னால் வந்து ஹாரன் அடிக்கக் கூட ஆள் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று எழுத மாட்டேன். ஃபோன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதற்கு ஒரு பயம்.

திரும்பி வந்தார். காலையில் முற்றத்தில் லாரி நின்ற சத்தம் கேட்டது, ஆனால் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். என்னைப் பார்க்காமலே, "சாக்ரமெண்டோ எப்ப தாண்டுச்சுன்னே தெரியல, நசீப்" என்றார். அவ்வளவு பெரிய ஊர், அத்தனை பாலம், அத்தனை வண்டி, ஒன்றுமே நினைவில்லை என்றார். "யார் மேலயாவது ஏத்தியிருந்தா?" என்றார். உன் அப்பாவின் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. நான் சண்டை போடவில்லை. "சாவியக் குடுங்க" என்று கை நீட்டினேன். கொடுத்துவிட்டார். அந்தச் சாவியை அவர் கையிலிருந்து வாங்கியபோது எனக்கு நிம்மதியாக இல்லை மகனே.

அன்றைக்கே என் காரில் கிளினிக்குக்குப் போனோம். மரிசோல் ஒரு கட்டிலைக் காட்டி, "வீட்ல எப்படித் தூங்குவீங்களோ அப்படியே படுங்க ஐயா" என்றாள். இவர் தலைப்பாகையில் கை வைத்தார். அப்புறம், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா" என்றார். அவள் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, இவர் சரி என்று சொல்லும் வரை அப்படியே நின்றாள். அந்தப் பெண்ணுக்காக அன்று இரவு தனியாக வேண்டிக்கொண்டேன். தலைப்பாகையைத் தானே சுற்றிச் சுற்றி அவிழ்த்து மடித்து என் மடியில் வைத்தார், தாடியை அவிழ்த்துவிட்டுப் படுத்தார்.

அவள் காற்றை ஓடவிட்டு மாஸ்க்கின் ஓரத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். "உக்காந்திருக்கும்போது இருக்கற முகம் வேற, படுத்தா கன்னமெல்லாம் தளந்து வேற முகம். படுத்துக்கிட்டுத்தான் சரி பண்ணணும். இறுக்காதீங்க, இறுக்கினா ஓரம் மடிஞ்சு அங்கயே வழி விட்டுடும்" என்றாள். எத்தனை சரி செய்தாலும் தாடி மேல் அந்தப் பெரிய மாஸ்க் உட்காராது என்று அதை எடுத்துப் போட்டுவிட்டு, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்னதைக் கொண்டுவந்தாள். கொண்டையை உச்சியில் கட்டச் சொன்னாள், பட்டை அதன் பின்னால் நகராமல் நின்றது. ஆனால் கண்ணை மூடியதும் வாய் திறந்துகொண்டு காற்றெல்லாம் உதட்டு வழியே புர்ரென்று குதிரை மாதிரி வந்தது. மரிசோல் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள், இவரும் சிரித்தார். வாயை மூடிவைக்க அவளிடமிருந்த நாடாவோ தாடியில் சிக்கி இழுத்தது. எனக்கு அப்போதுதான் தோன்றியது. பசை பூசியதும் தாடி படியக் கட்டும் துணி அவர் சட்டைப் பையில் இருந்தது, எடுத்து மோவாய்க்குக் கீழே கொடுத்து இரண்டு பக்கமும் ஏற்றிக் கொண்டைக்கு முன்னால் நானே முடிந்தேன், இறுக்காமல். வாய் மூடிக்கொண்டது. சத்தம் நின்றது. "இது எங்க வாங்கினீங்க?" என்று அவள் அதிசயமாகக் கேட்டாள். "கல்யாண வீட்டுக்குக் கிளம்பற எந்த சர்தார்ஜி வீட்லயும் கெடைக்கும்" என்றேன்.

மறுநாள் பகலில் படுத்தார். நான் வழக்கம் போல வாசலில் உட்கார்ந்தேன். புஸ் சத்தம் இல்லை, திணறல் இல்லை, ஒன்றுமே இல்லை. நேரம் போகப் போக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இத்தனை நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் பதறி எழுந்து, மாஸ்க்கைப் பிடுங்கி, "இப்பத்தாண்டி தூங்கினேன், பாவி!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். திரும்பப் படுத்தவர் பொழுது சாய்ந்துதான் எழுந்தார், கண் வெள்ளையாக இருந்தது.

சான்று கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. பழைய கசிவெல்லாம் அவர்களிடம் பதிவாகியிருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் பார்த்துத்தான் கையெழுத்து என்று டாக்டர் சொல்லலாம். அதுவரை லாரியைப் பக்கர் ஓட்டட்டும், சாவி என் மாவு டப்பாவில் இருக்கிறது.

இப்போது உன் விஷயம். ஜஸ்லீன் என்னிடம் பேசினாள், அவளைத் திட்டாதே. நீ குறட்டை விடுகிறாயாம், நடுவில் மூச்சு நின்றுபோகிறதாம், அவள் காலால் உதைத்து மூச்சை வரவைக்கிறாளாம். போன வாரம் சிக்னலில் காரை நிறுத்தியபடியே தூங்கிவிட்டாயாமே. அம்மாவிடம் சொல்லாதே என்று வேறு சொன்னாயாம். இந்த வீட்டு வாசலில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்காரவைக்காதே. சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து, கடிதம் எழுதுகிறாயா என்று கேட்டார், கீழே கொஞ்சம் இடம் விடு என்றார்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும், குரு உங்கள் தலைமேல் கை வைத்திருக்கட்டும். காதை மூடிக்கொண்டு போ, பனிக்காற்று பொல்லாதது. டாக்டரிடம் நாள் கேட்டுவிட்டு அன்றே ஃபோன் செய், மீட்டிங் இருந்தாலும்.

உன் அம்மா,
நசீப் கௌர்

நவ்தேஜ், தூக்க டெஸ்ட்டுக்குப் போ. மாஸ்க் கொடுத்தால் படுத்துக்கொண்டு மாட்டிப் பார், உட்கார்ந்துகொண்டு அல்ல. இறுக்காதே. உனக்குத் தாடி இல்லை, தாடியால் கசிகிறது என்று சாக்குச் சொல்லவும் உனக்கு வழியில்லை.
அப்பா