என் சீட்டுக்கு அடியில் கிடந்த போத்தல்

ஜூன் 3, செவ்வாய்
மகன் சிறில் ஓட்டும் ஸ்கூல் வானில் புதுப் பிள்ளை ஒன்று ஏறியது. டில்ஷானி, எட்டு வயது, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி. படியில் விழுந்து முன்பல் இரண்டும் பாதி போய்விட்டதாம். கதவு திறந்து மூடுவதுதான் என் வேலை. வாய் சும்மா இருக்குமா? என் பொய்ப்பல்லைக் கழற்றிக் காட்டி, மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 4
அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. முன்சீட்டுப் பிள்ளை ரொஷேலிடம் ஏன் என்று கேட்டேன்.
"அவள் சண்டைக்காரி தாத்தா. பல்லைப் பாத்தாத் தெரியேல்லையா?"
படிப்பும் வராதாம். இன்னும் ஒருவரும் அவளோடு ஒரு சொல் கதைத்துப் பார்க்கவில்லை!

ஜூன் 5
பின்சீட்டுப் பையன் ரொனியின் புதுத் தண்ணீர்ப் போத்தலை என் சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். வழக்கமான பகிடிதான், தேடவிட்டுப் பிறகு கொடுப்பேன். இன்று அவன் தேடவே இல்லை. நேரே டில்ஷானியிடம் திரும்பினான்.
"நீதானே எடுத்தனி?"
மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அவள் அழவில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தாள். பிறகு, வாயைப் பொத்தாமல், "நான் எடுக்கேல்ல" என்றாள்.
அப்ப என்ர வாய் ஏன் திறக்கேல்ல? ஸ்கூல் வந்திட்டுது, எல்லாரும் இறங்கிட்டினம். எழுபத்தொரு வயசுப் பயந்தாங்கொள்ளி. போத்தல் இன்னும் அங்கதான் கிடக்கு.

ஜூன் 6
காலையில் முதலில் ஏறுவது டில்ஷானி. மெல்லச் சொன்னாள், "தாத்தா ஒளிச்சதை நான் கண்டனான்."
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"சொன்னா உங்களோடயும் ஒருத்தரும் சேரமாட்டினம்."
என்ன பிள்ளையடா இது! நானெண்டா முதல் ஆளாக் காட்டிக் குடுத்திருப்பன்.
எல்லாரும் ஏறியதும் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். கள்ளன் நான், இவள் கண்டும் சொல்லவில்லை என்றேன். ரொனி யன்னலுக்கு வெளியே பார்த்தான். ரொஷேல்தான் எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

ஜூன் 9
ரொனி என்னோடு கோபம். நியாயம்தான்.

ஜூன் 16, திங்கள்
திரும்பி வரும்போது என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. சீட்டுக்கு அடியிலும் இல்லை. வான் முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் டில்ஷானியைத்தான் பார்த்தார்கள்.
"அவள் எடுக்கேல்ல தாத்தா, நான் சாட்சி," என்றான் ரொனி. தன் பையை இறுக்கிப் பிடித்திருந்தான்.
டில்ஷானியும் சிரித்தாள், இரண்டு கையும் மடியில் இருந்தன. கண்ணாடி இல்லாமலே அந்த உடைந்த பல் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தன.