வரி கட்டாதவளின் ஓட்டு

மேல்மலையனூர்
21.4.2024

அன்புள்ள அண்ணா,

நீயும் பிருந்தா அண்ணியும் சுகமா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கற்பூரக் கடையை அடைத்துவிட்டு ஓட்டுப் போட செஞ்சிக்கு வந்தேன். வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனால் பட்டியலில் என் பெயர் இல்லை. அட்டையைக் காட்டியும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

பின்னால் நின்ற உன் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா, "ஓட்டு லிஸ்ட்டுக்காரங்க வீடு வீடா கேட்டுக்கினு வந்தப்ப, நீ இங்க இல்லன்னு ஒங்கண்ணன்தான் சொன்னாரு" என்றார். அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவர் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன்.

உன் தங்கை
ஜானகி

செஞ்சி
26.4.2024

அன்புத் தங்கைக்கு,

வசந்தா சொன்னது நிஜம்.

பாத்திரக் கடையில் நாளெல்லாம் நின்று வரி கட்டுகிறேன். கடை வாசலில் தோண்டிப் போட்ட சாக்கடையை மூட நாதியில்லை. கட்டுகிறவனுக்கும் ஒரு ஓட்டு, கட்டாதவனுக்கும் ஒரு ஓட்டு என்றால் என்னை எவன் மதிப்பான்? வரி கட்டுகிறவனுக்கு மட்டும்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்று வியாபாரிகள் கூட்டத்தில் பேசிவிட்டு, என் வீட்டிலேயே வரி கட்டாத ஓட்டை வைத்திருந்தால் பஜாரே சிரிக்காதா?

உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. குடியிருப்பது அங்கேதானே, அங்கேயே பெயரைச் சேர்த்துக்கொள். இதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அண்ணி உனக்குப் புளி எடுத்து வைத்திருக்கிறாள்.

அண்ணன்
தேவநாதன்

மேல்மலையனூர்
5.5.2024

அண்ணா,

வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் நான் இங்கே குடியிருப்பதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். அப்படியானால் காலி பண்ணு என்கிறார். இப்போது எனக்கு எந்த ஊரிலும் ஓட்டு இல்லை.

நான் வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு, உன் கடையில் வாங்கிய குடத்துக்குக்கூட வரி போட்டுத்தான் பில் கொடுத்தாய் என்று எழுத நினைத்தேன். எழுதக் கேவலமாக இருந்தது. எதுவுமே வாங்க வக்கில்லாதவள் மனுஷி இல்லையா?

என் வீட்டுக்காரர் செத்த அன்று நீ என்ன சொன்னாய்? "பேரு இங்கயே இருக்கட்டும் ஜானகி, இது ஒன் ஊடு." அந்தப் பேச்சை நம்பித்தான் இத்தனை நாள் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டாய். எனக்கு மனசு விட்டுப்போயிற்று அண்ணா.

வருகிற பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வராதே. நீ வாசலில் நின்று கூப்பிட்டால் கதவைத் திறக்காமல் இருக்க என்னால் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், வராதே.

ஜானகி