கறிவேப்பிலைக்கு அடியில் ஒழுகிய குழாய்

பிரிக்பீல்ட்ஸ்
சனிக்கிழமை

அன்பு மகள் ஜனனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்குப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது, பெர்த்தில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கோபமாகவும் இருக்கிறேன், முழுதும் படி.

நம் புளோக்கில் இரண்டு மாதமாக மேல்மாடிக்காரர்களுக்குத் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது, வாசல் மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடியது. மீட்டரிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மெயின் பைப் மண்ணுக்கடியில் ஒழுகுகிறது என்று புரிந்தது, எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கார் நிறுத்தும் இடம் முழுவதையும் உடைக்க வேண்டும் என்று பார்க்க வந்த பைப்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். போன ஞாயிறு புளோக் கூட்டத்தில் மூன்றாம் மாடி புஷ்பவல்லி எழுந்து, தொட்டி வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், மழையில்லாத நாளில் எங்கே மண் ஈரமாக இருக்கிறதோ அங்கே முதலில் தேடுங்கள் என்று வாத்தியாரம்மா மாதிரி விளக்கினாள். உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று அப்பா கேட்டார். அதற்கு அவள், "நம்ம ஜனனிதான் சொன்னா அண்ணே. போன் பண்ணிக் கேட்டேன் லா, முக்கால் மணி நேரம் பேசினா" என்றாள்.

நம்ம ஜனனியாம். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். என்னிடம் மூன்று நிமிடம், அதிலும் சாப்பிட்டேன்மா, தூங்கினேன்மா, வைக்கிறேன்மா. அவளிடம் முக்கால் மணி நேரம். பாசாரில் மீன்காரர் வரைக்கும் என் மகள் தண்ணீர்க் குழாய் எஞ்சினியர் என்று சொல்லித் திரிகிறவள் நான், பலன் அவளுக்கா? அன்று இரவு அப்பாவிடம் புலம்பினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நீ மகளிடம் அவள் வேலையைப் பற்றி ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா, கல்யாணத்தைத் தவிர வேறு என்ன கேட்கிறாய் என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, சிரிக்காதே. சுவரோரம் நான் வைத்த கறிவேப்பிலை இந்த வெயிலிலும் தளதளவென்று நின்றது. மேலே புஷ்பவல்லியின் தொட்டிச் செடி காய்ந்து குச்சியாகிவிட்டது. என் கைராசி, அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்று அவளிடம் பெருமையடித்திருந்தேன். உண்மையில் நான் ஊற்றியே பல வாரம் ஆகிறது, காலையில் போய்ப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருக்கும். ஈரமான இடத்தைத் தேடுங்கள் என்று அவள் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

புதன்கிழமை கிள்ளானிலிருந்து பைப் வேலை பார்க்கும் ஜெயராஜ் வந்தார். வால்வை மூடியும் மீட்டர் ஓடியது. ஒரு இரும்புக் கோலைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நடந்தவர் நேராக என் செடியிடம் வந்து நின்றுவிட்டார். "அக்கா, உங்க கைராசி மீட்டர்லயும் ஓடுது போல லா" என்றாள் புஷ்பவல்லி. எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவும்தான். இடுப்பளவு தோண்டி, துருப்பிடித்த துண்டை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் மாட்டினார்கள். பிறகு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், மீட்டர் நின்றிருந்தது. மேல்மாடிக்கும் இப்போது நன்றாகத் தண்ணீர் ஏறுகிறது. செடியை வேரோடு எடுத்து வைக்கப் புஷ்பவல்லிதான் தன் பெரிய பூந்தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கும் எரிகிறது, என்ன செய்ய.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை செய்யும் இடத்தில் பள்ளத்தில் இறங்கும்போது கவனமாக இரு. முருகன் உனக்குத் துணை இருப்பான், நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். கல்யாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தாயா? ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். அறுத்தெடுத்த துண்டைப் பார்த்தேன், மேல்பக்கம் நன்றாக இருக்கிறது, அடிப்பக்கம்தான் ஓட்டை. அது ஏன் அடியில் அரிக்கிறது? ஜெயராஜ் சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் தம்பி, என் மகள் சொல்வாள் என்று நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய், முக்கால் மணி நேரமானாலும் கேட்கிறேன்.

உன் அம்மா
அலமேலு காசிவிஸ்வநாதன்