நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை

அன்பு மனைவிக்கு,

நீயும் மகளும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன்.

ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பு வலி மட்டும்தான் என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. முதுகு நரம்பு அடிபட்டதால் சிறுநீர்ப்பை நிறைந்தாலும் எனக்குத் தெரிவதில்லை, சிறுநீர் தானாக வெளியேறுவதும் இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சிறுநீர் வரும் வழியில் மெல்லிய குழாய் விட்டு நானே எடுத்துவிடுகிறேன். முதல் நாள் அவசரமாக விடப் பார்த்தேன். "அவசரப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க," என்றார் சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரி நர்ஸ். இப்போது பழகிவிட்டது.

திங்கட்கிழமை மறுபடி வெல்டிங் வேலைக்குப் போனேன். குழாய் விடும் நேரத்துக்கு போனில் அலாரம் அடித்ததும், நீ கூப்பிடுகிறாய் என்று நினைத்து மேஸ்திரி, "வீட்டம்மா கூப்பிடுறாங்க, போய்ப் பேசுப்பா," என்றார். சிரித்துக்கொண்டே எழுந்து போனேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். குளியலறையில் நல்ல விளக்கு போட்டு வை. உள்ளே நேரமானால் பயப்படாதே. கதவுக்கு வெளியே நின்று, "ஆச்சா?" என்று நீ கேட்டால் போதும்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்