பெருங்காய டப்பாவில் ஓர் அருவி

மதினி,

இன்று சாம்பாருக்குப் பெருங்காயம் தேடினேன். கையில் அகப்பட்டது உங்கள் டப்பா. நீங்கள் போன பிறகு அண்ணாச்சி என்னிடம் கொடுத்தது. உள்ளே பெருங்காயமா இருக்கிறது? தபால் உறைகளை நனைத்து நனைத்து நீங்கள் உரித்துச் சேர்த்த ஸ்டாம்புகள். மலை, ஏரி, பாறை, எல்லாம் ஏதாவதொரு தேசியப் பூங்காவில் இருப்பவை. எல்லாமே இன்னும் பெருங்காயம் மணக்கின்றன.

எனக்கு எழுத்துத் தெரியாதே, நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "நடுவுல பேச்ச வளக்காதீங்க அத்தை" என்கிறாள். வளர்க்காமல் எப்படிச் சொல்வது?

அந்த அருவி ஸ்டாம்பு மேலேயே கிடந்தது. அந்தப் பூங்கா சாத்தாரா தாண்டித்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, மராத்திச் சீமையில், இந்தச் சாங்வியில், நம் குடியிருப்பு முழுக்க ஸ்டாம்பைக் காட்டி ஆள் சேர்த்தீர்கள். "தண்ணி விழலன்னா எம் பேர மாத்திக்கிடுதேன்" என்று சவால் வேறு. வண்டி பேசியாயிற்று. அந்த டிரைவர் வழியெல்லாம் பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டே ஓட்டினான். அது தனிக் கதை, விடுங்கள்.

அப்போது மே மாதம். ஒருத்தருக்காவது தோன்றியதா! மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால் மொட்டைப் பாறை. ஈரம்கூட இல்லை.

"தாயி, தப்தபா குடே?" அக்கா, அருவி எங்கே என்று மராத்தியில் கேட்டார், நாம் காக்கூ என்று கூப்பிடும் மாடிவீட்டு அம்மாள்.

அண்ணாச்சி விடுவாரா? "தபால்காரன் தண்ணியையும் பையில போட்டுட்டுப் போயிட்டான் போல. புதுப் பேரு என்ன வைக்கலாம், சொல்லு."

ஆயுசுக்கும் உங்களைக் கேலி செய்வார்களே என்று எனக்குப் பதறியது. நீங்களோ முந்தானை முடிச்சை அவிழ்த்து ஸ்டாம்பை எடுத்தீர்கள். பாறைக்கு நேரே கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் நகர்ந்தீர்கள்.

"ஏளா, இங்க வந்து பாரு. விழுது."

பார்த்தேன். ஸ்டாம்புப் பாறையும் நிஜப் பாறையும் ஓரத்தோடு ஓரம் பொருந்தி, நடுவில் வெள்ளையாய்த் தண்ணீர்! காக்கூவுக்கு ஒற்றைக் கண்ணை மூட வரவில்லை. கையால் பொத்திக்கொண்டு பார்த்து "அரே வா!" என்றார். அப்புறம் வரிசைதான். கடைசி ஆளாக அண்ணாச்சியும் வந்து பார்த்தார்.

"சத்தந்தான் இல்ல" என்றார்.

"அதுக்குத்தான ஒங்களக் கூட்டியாந்தேன்!"

மலையே சிரித்தது. உங்கள் பேர் பிழைத்தது.

இப்போது ஜன்னலோரம் நின்று அந்த ஸ்டாம்பை நீட்டி ஒரு கண்ணை மூடியிருக்கிறேன், மதினி. எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து அருவி விழுகிறது. கீழே யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். எல்லாம் நனையப்போகிறது.